ரோட்டுக்கும் டிராக்குக்கும் ஒரே பிரேக் பேடா?

வார நாளில் சென்னை ஓஎம்ஆர் சாலை நெரிசல், ஞாயிறன்று இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக். இரண்டுக்கும் ஒரே பேட், அதாவது டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் பிரேக் கட்டை, பெரும்பாலும் சரிப்படாது. டிராக் பேட் சூடேறினால்தான் நன்றாகக் கவ்வும். காலையில் முதல் சிக்னலில் மிதித்தால் வண்டி நிற்க யோசிக்கும். கிரீச் சத்தமும் டிஸ்க் தேய்மானமும் தனி. சாதா பேடோ டிராக்கில் சூடு தாங்காது: பெடல் கெட்டியாகவே இருக்கும், வண்டிதான் நிற்காது.

பெடல் பஞ்சு மாதிரி அமுங்கினால் பேடைத் திட்டாதீர்கள், பெரும்பாலும் பிரேக் ஆயில் கொதித்திருக்கும். அது ஈரத்தை இழுக்கும். சென்னைக் காற்றைக் கேட்க வேண்டுமா! டிராக்குக்கு முன் பழையதை முழுக்க வடித்து, வண்டிக்கு ஏற்றதென்றால் புது டாட் 4 தர பிரேக் ஆயில் ஊற்றுங்கள். டிராக் பேடைத் தனி செட்டாக வைத்து, அங்கே போய் மாட்டி, முதல் சில சுற்று மிதமாக மிதித்துப் பழக்குங்கள். ஆறியதும் சாதா பேடை மாட்டிக் கிளம்புங்கள்.