எந்தக் காலத்தில் வாழ ஆசை? பதில் சொல்லும்போது நாம் வழக்கமாகச் சறுக்கும் இடங்கள்

மலேசியாவின் கெடா மாநிலத்தில், பீடோங் வட்டாரத்தில் ‘எந்தக் காலத்தில் பிறந்திருக்க ஆசை?’ என்று யாரைக் கேட்டாலும் முதலில் வருவது சோழர் காலம்தான். காரணம் இருக்கிறது. மெர்போக் கூப்பிடு தூரம். தமிழ்ப்பள்ளியில் படித்த பிள்ளையை ஒரு தடவையாவது, பழைய கடாரத்தின் எச்சங்கள் கிடைத்த பூஜாங் பள்ளத்தாக்குக்குப் பஸ் ஏற்றிக் கூட்டிப் போயிருப்பார்கள். ஜெராய் மலையடிவாரத்தில் அந்தக் கல் அடித்தளத்தின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்ட பிள்ளைக்குக் கடாரம் கொண்ட ராஜேந்திர சோழன் மேல் ஆசை வராமல் எப்படி இருக்கும்? அடுத்த பதில், “எங்க தாத்தா காலம், தோட்டம் தோட்டமா இருந்த காலம்.” மூன்றாவது, கொஞ்சம் படித்த இளைஞர்கள் சொல்வது: மலாக்கா சுல்தான்கள் காலம்.

எந்தப் பதிலும் குற்றமில்லை. ஆனால் பேச்சுப் போட்டியாக இருந்தாலும் சரி, ஒட்டுக்கடை (சாலையோரச் சாப்பாட்டுக் கடை) அரட்டையாக இருந்தாலும் சரி, ஒரே மாதிரித் தவறுகள் திரும்பத் திரும்ப வருகின்றன.

அரண்மனைக்குள்ளேயே பிறப்பது

இதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. ‘ராஜராஜன் காலம்’ என்று சொல்கிறவர் மனதுக்குள் தன்னை எங்கே நிறுத்திக்கொள்கிறார் என்று பாருங்கள். தளபதி, அமைச்சர், குறைந்தது ஒரு குதிரை வீரன். வயலில் சேறு மிதிக்கிறவனாக யாரும் தன்னைக் கற்பனை செய்துகொள்வதில்லை. ஆனால் அன்று பெரும்பாலோர் செய்தது பயிர் வேலைதான்.

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் மன்னனைப் பற்றி மட்டும் பேசவில்லை. பல ஊர்க் கோயில்களிலிருந்து கொண்டுவந்து குடியமர்த்திய 400 தளிச்சேரிப் பெண்டுகளின் (கோயில் பணி செய்த ஆடல் மகளிரின்) பெயர்கள் அங்கே இருக்கின்றன. ஆளுக்கு ஒரு வீடு, ஆண்டுக்கு 100 கலம் நெல் என்று பங்கும் எழுதியிருக்கிறது. அதே சுவர்களில், வரி நீக்கிய நிலங்களின் பட்டியலில் தீண்டாச்சேரியும் பறைச்சேரியும் வருகின்றன. கோயில் எழும்பியதும் அந்தக் காலம்தான், ஊருக்கு ஒதுக்குப்புறமாக ஒரு சேரி இருந்ததும் அந்தக் காலம்தான்.

ஆகவே விதியைச் சரியாக வைத்துக்கொள்ளுங்கள். காலத்தை நாம் தேர்ந்தெடுக்கலாம், பெற்றோரை முடியாது. குலுக்கலில் எந்தச் சீட்டு வந்தாலும் அதோடுதான் வாழவேண்டும். இந்த விதியை வைத்த உடனே பாதிப் பேர் பதிலை மாற்றிக்கொள்கிறார்கள், கவனித்திருக்கிறேன்.

கடாரத்துப் பிள்ளைகளுக்கு இதில் கூடுதலாக ஒரு சிக்கல். 1025-ஐ ஒட்டிய படையெடுப்பைப் பற்றி ராஜேந்திரனின் மெய்க்கீர்த்தி (கல்வெட்டில் வரும் புகழுரை) சொல்வது என்ன? கடாரத்தரசன் சங்கிராம விசையோத்துங்கவர்மனை யானைகளோடு பிடித்ததும், அவனுடைய விச்சாதிரத் தோரணம் என்ற அலங்கார வாயிலைக் கைப்பற்றியதும். அதாவது, நீங்கள் அப்போது மெர்போக் கரையில் பிறந்திருந்தால் கப்பல் உங்களை நோக்கி வருகிறது. மேல்தளத்தில் புலிக்கொடியோடு நிற்பது நீங்கள் இல்லை.

இத்தனைக்கும் அதற்கு இருபது ஆண்டுக்கு முன்னால் நிலைமை வேறு. கடாரத்தரசர் நாகப்பட்டினத்தில் கட்டிய சூடாமணி விகாரம் என்ற பௌத்த மடத்துக்கு 1006 வாக்கில் ராஜராஜன் ஆனைமங்கலம் என்ற ஊரின் வருவாயையே கொடுத்தான். சோழர் காலம் என்று ஒரே வாயில் சொல்லிவிடுகிறோம், அதற்குள் உறவும் இருக்கிறது, பகையும் இருக்கிறது.

பெண்களிடம் கேட்காமலே பதில் சொல்வது

ஒட்டுக்கடையில் இந்தப் பேச்சு சூடாக ஓடும்போது, ரொட்டி சானாய் போடும் அக்காவை யாரும் கேட்பதில்லை. ஒரு நாள் ஒரு தம்பி கேட்டான்.

“அக்கா, நீங்க எந்தக் காலம்?”

“தண்ணி குழாயில வர்ற காலம்.”

அவ்வளவுதான். தலையைக்கூடத் தூக்கவில்லை. இதைவிட நறுக்கென்ற வரலாற்று விமர்சனத்தை நான் எங்கும் படித்ததில்லை. எந்த நூற்றாண்டை எடுத்தாலும் தண்ணீர் தூக்கியது யார், விடிவதற்கு முன் அடுப்பு மூட்டியது யார், பிரசவத்தில் உயிர் விட்டது யார் என்று கேட்டுவிட்டால் பல பொற்காலங்களின் மெருகு கழன்றுவிடும்.

சராசரி ஆயுளைத் தப்பாகப் புரிந்துகொள்வது

‘அந்தக் காலத்தில் முப்பத்தைந்து வயதில் எல்லாரும் செத்துப்போனார்கள்’ என்பது எதிர்ப்பக்கத்துத் தவறு. கணக்கைப் போட்டுப் பாருங்கள். பத்துப் பிள்ளைகளில் நான்கு பேர் இரண்டு வயதில் இறந்து, மீதி ஆறு பேரும் அறுபது வரை வாழ்ந்தால் சராசரி 37-கூட வராது. ஆனால் முப்பத்தேழு வயதில் அங்கே ஒருவர்கூடச் சாகவில்லை. கிழவர்கள் எல்லாக் காலத்திலும் இருந்தார்கள். குழிகள்தான் சிறிதாக இருந்தன.

அந்த ஆபத்து தொலைதூரத்து விஷயமும் இல்லை. 1957-இல், சுதந்திரம் பெற்ற ஆண்டில், மலாயாவில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 75 பேர் அளவில் முதல் பிறந்தநாளைப் பார்க்கவில்லை. இன்று அது பத்துக்கும் கீழே.

‘தாத்தா காலம்’ என்று மொத்தமாகச் சொல்வது

இங்கேதான் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும், ஏனென்றால் இது நம் சொந்தக் கதை. நூற்றாண்டுக் கணக்கில், தலைமுறைக் கணக்கில் காலத்தைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. ஆண்டைச் சொல்லவேண்டும்.

1900-இல் பீடோங்கில் ஒருவர் பிறந்ததாக வைத்துக்கொள்வோம். வீட்டை விட்டு ஒரு மைல்கூட நகராமலே அவர் பார்த்த ஆட்சிகளை எண்ணுங்கள். பிறந்தபோது கெடா சயாமின் (இன்றைய தாய்லாந்தின்) மேலாதிக்கத்தில். 1909 உடன்படிக்கையில் பிரிட்டிஷ்காரர் கைக்கு மாறியது. 1941 டிசம்பரில் ஜப்பான்காரன் வந்தான். 1943-இல் அவன் கெடாவைத் தாய்லாந்துக்குத் தூக்கிக் கொடுத்தான். 1945-இல் மறுபடி பிரிட்டன். அடுத்த ஆண்டு மலாயன் யூனியன், 1948-இல் கூட்டரசு, 1957-இல் சுதந்திரம்.

கித்தாக் காட்டுக்குள் (ரப்பர் தோட்டத்தில்) வேலை செய்தவர் கதை இன்னும் மேடு பள்ளம். 1925-இல் ரப்பர் விலை உச்சம். 1931-இல் உலக மந்தம். கூலி வெட்டு, ஆயிரக்கணக்கானோர் நாகப்பட்டினத்துக்கும் சென்னைக்கும் திரும்பக் கப்பலேற்றப்பட்டார்கள். 1938-இல் தோட்ட வேலைக்கு ஆள் அனுப்புவதை இந்திய அரசு தடை செய்தது. 1942-க்குப் பிறகு மரவள்ளிக்கிழங்கும் ஜப்பான்காரன் அச்சடித்த, வாழைமரம் போட்ட நோட்டும். அப்புறம் ஜப்பான்காரன் போட வைத்த 415 கிலோமீட்டர் சயாம் மரண ரயில் பாதை. மலாயாத் தோட்டங்களிலிருந்து போன தமிழர்கள் பல்லாயிரம் பேர், திரும்பாதவர்களும் பல்லாயிரம் பேர். அதே ஆண்டுகளில்தான் நேதாஜியின் ஜான்சி ராணிப் படையில் தோட்டத்துப் பெண்கள் துப்பாக்கி பிடித்தார்கள். 1946, 47-இல் இதே கெடாவில், ஹார்வர்ட் தோட்டத்தை மையமாக வைத்து தொண்டர் படை எழுந்தது. கள்ளுக்கடை முன்னால் மறியல், போலீசோடு மோதல்.

இதில் ‘தாத்தா காலம்’ எது?

1951-ஐ மட்டும் தனியாக எடுத்துப் பாருங்கள். கொரியப் போரால் ரப்பர் விலை எகிறிய நேரம், கையில் காசு புழங்கியது. நல்ல ஆண்டு என்று தோன்றும். ஆனால் கம்யூனிஸ்டுகளை எதிர்த்து அறிவித்த அவசரகாலம் உச்சத்தில் இருந்ததும் அப்போதுதான். தோட்டத்து மக்களை ஒரே இடத்தில் குவித்து முள்வேலி போட்டார்கள், ஊரடங்கு வைத்தார்கள். அதற்கடுத்த ஆண்டுகளில், கெடுபிடி அதிகமாக இருந்த இடங்களில் கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போய்ச் சேர்ந்துவிடும் என்று வாசலில் சோதனை. பால் வெட்டுக்குப் போகிறவர் பசியாறப் பொட்டலம் கட்டிக்கொண்டு போகக்கூடத் தடை. பால் சுரப்பு குளிர்ச்சியில்தான் நன்றாக இருக்கும் என்பதால் இருட்டோடு பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) நின்று, நிரை நிரையாக வெட்டி, மங்கு மங்காகப் பால் சேர்த்து, ஸ்டோருக்குத் தூக்கி வரும்வரை வெறும் வயிறு. கூலி நன்றாக இருந்தது என்பதும் உண்மை, சோற்றைக் கொண்டுபோகவிடவில்லை என்பதும் உண்மை.

தாத்தா காலத்தை ஆசையாகச் சொல்கிறவர்களிடம் நான் ஒன்று கேட்பதுண்டு: அப்போது உங்களுக்கு என்ன வயது? பெரும்பாலும் எட்டு, பத்து என்பார்கள். திடலில் திரை கட்டிப் படம் போட்டது, மாரியம்மன் கோயில் திருவிழா, லயத்து வாசலில் எல்லார் வீட்டுக் குழம்பும் வாசனை வந்தது. எல்லாம் நடந்ததுதான், பொய்யில்லை. ஆனால் அது பிள்ளையின் காலம். மழை பெய்தால் வெட்டு இல்லை, வெட்டு இல்லையென்றால் கூலி இல்லை என்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்த அப்பாவின் காலம் அதே வீட்டில், அதே நாளில் வேறாக இருந்தது. எட்டு வயதாகவே இருந்துவிட முடியுமென்றால் எந்தக் காலமும் பரவாயில்லை.

ஆண்டைச் சொல்லி, இடத்தை விட்டுவிடுவது

சிலர் உஷாராக ஆண்டைச் சொல்லிவிடுவார்கள். அதுவும் போதாது. மலேரியாவை எடுத்துக்கொள்வோம். 1901-இல் கிள்ளானில் டாக்டர் மால்கம் வாட்சன் சதுப்பை வடித்து, புதரை வெட்டி, காய்ச்சலை அடக்கிக் காட்டினார். ரொனால்ட் ராஸ் கொசுவையும் மலேரியாவையும் இணைத்துக் காட்டி நாலே ஆண்டுதான் ஆகியிருந்தது. அதே வைத்தியத்தை மலைப்பாங்கான தோட்டங்களில் செய்தபோது காய்ச்சல் கூடியது! கரையோரச் சமவெளியில் மலேரியா பரப்பிய கொசுவுக்கு நிழல் வேண்டும். காட்டை வெட்டினால் அது போய்விடும். மலையோடையில் இருந்த வகைக்கோ வெயில் படும் தெளிந்த தண்ணீர்தான் வேண்டும். காட்டை வெட்டியது அதற்கு விருந்து வைத்தது போலாயிற்று. ஆக, ஒரே ஆண்டில், ஒரே கூலியில், கங்காணி உங்களைக் கரையோரத் தோட்டத்துக்கு அழைத்துப் போனாரா, மலையடிவாரத்துக்கா என்பதில் உங்கள் உயிர் இருந்தது.

நம் வயிற்றையும் கண்ணையும் மறந்துவிடுவது

மலாக்கா சுல்தான் காலத்துக்கு ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு சின்னத் தகவல். மிளகாய் அமெரிக்காவிலிருந்து போர்த்துக்கீசியர் வழியாக வந்தது. அவர்கள் மலாக்காவைப் பிடித்த 1511-க்கு முன்னால் அங்கே மிளகாய்ச் சம்பால் இல்லை. கச்சானும் (வேர்க்கடலையும்) அமெரிக்கப் பயிர்தான். நாசி லெமாக்கில் இந்த இரண்டையும் எடுத்துவிட்டால் மிஞ்சுவது தேங்காய்ப்பால் சோறும் நெத்திலியும் வெள்ளரிக்காயும். ராஜராஜன் சமையலறையிலும் காரம் என்றால் மிளகுதான். தக்காளி, உருளைக்கிழங்கு, மரவள்ளி, பப்பாளி ஒன்றும் கிடையாது. தே தாரேக்கை (இழுத்து ஆற்றும் பால் தேநீரை)ப் பற்றிப் பேசவே வேண்டாம்.

மூக்குக்கண்ணாடி போட்டவர்கள் 13-ஆம் நூற்றாண்டின் கடைசிக்கு முன்னால் எதையும் தேர்ந்தெடுக்காமல் இருப்பது நல்லது. அது முதலில் வந்ததே இத்தாலியில்தான். சர்க்கரை நோய்க்கு இன்சுலின் 1922-இல்தான் மனிதருக்குப் போடப்பட்டது. நம் ஊரில் எத்தனை வீட்டில் அந்த ஊசி இருக்கிறது என்று எல்லாருக்கும் தெரியும்.

இன்றைய அறிவைப் பையில் போட்டுக்கொண்டு போவது

“1888-க்குப் போய்க் கித்தா நட்டிருப்பேன், இன்னிக்குக் கோடீஸ்வரன்.” இப்படிச் சொல்கிறவர்கள் ரிட்லியின் கதையைத் தெரிந்துகொள்ளவேண்டும். சரியாக 1888-இல்தான் எச்.என். ரிட்லி சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவுக்குப் பொறுப்பேற்றார். மரத்தைச் சாகடிக்காமல் பட்டையைச் சீவிப் பால் எடுக்கும் முறையைக் கண்டுபிடித்து, விதையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு தோட்டம் தோட்டமாக அலைந்தார். காப்பி நட்டுக்கொண்டிருந்த துரைமார்கள் காதில் வாங்கவில்லை. ‘பைத்தியக்கார ரிட்லி’ என்று பெயர்தான் கிடைத்தது. 1896-இல் மலாக்காவில் டான் சாய் யான் என்ற சீன முதலாளி நட்ட பிறகுதான் வணிகத் தோட்டம் என்று ஒன்று தொடங்கியது. அதிகாரமும் பதவியும் வெள்ளைத் தோலும் இருந்தவருக்கே இந்தக் கதி என்றால், நிலமோ முதலோ இல்லாமல், நட்ட மரம் பால் கொடுக்க ஆறேழு ஆண்டு காத்திருக்க வழியில்லாமல் போய் நிற்கும் உங்களை யார் கேட்பார்கள்? (ரிட்லி நூறு வயது வரை இருந்து, தான் சொன்னது பலித்ததைப் பார்த்துவிட்டுத்தான் 1956-இல் போனார். அந்தக் கொடுப்பினை எல்லாருக்கும் வாய்க்காது.)

பார்க்கும் ஆசையை வாழும் ஆசை என்று நினைத்துக்கொள்வது

உண்மையில் நம்மில் பலருக்கு இருப்பது போய்ப் பார்க்கும் ஆசைதான். ஒரு மாதம் போய்விட்டுத் திரும்ப டிக்கெட் இருக்கிறதென்றால் நானும் 1006 நாகப்பட்டினத்துக்குப் போவேன். கடாரத்துக் கப்பல் சரக்கிறக்குவதையும் விகாரத்துக்குக் கட்டுமானப் பொருள் போவதையும் பார்த்துவிட்டு, பல்வலி வருவதற்குள் திரும்பிவிடுவேன்.

வாழ்வது என்றால் என் பதில் 1962, இதே பீடோங். பெனிசிலின் கிடைக்கும். காசநோய்க்கு எதிரான பிசிஜி ஊசித் திட்டம் அதற்கு முந்தின ஆண்டுதான் தொடங்கியது. 1964-இல் இடைநிலைப்பள்ளி நுழைவுத் தேர்வை எடுத்துவிட்டார்கள். தமிழ்ப்பள்ளி முடித்த தோட்டத்துப் பிள்ளை புகுமுக வகுப்பு ஓராண்டு படித்துவிட்டு மேலே போகலாம், பெண் பிள்ளையும்தான். கித்தாக் காடும் இருக்கும், கோயில் திடலில் படமும் இருக்கும்.

பெற்றோரைத் தேர்ந்தெடுக்கக் கூடாது என்று நானே மேலே சொல்லிவிட்டதால் இதிலும் ஒரு சீட்டு பயமுறுத்துகிறது. அந்த வீட்டில் குடியுரிமை உள்ளவர்களின் நீல அடையாள அட்டை இருக்குமா, இல்லாதவர்களின் சிவப்பு அட்டையா என்பது தெரியாது. 1969-க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயமானது. தோட்டங்களில் பலருக்கு அது கிடைக்கவில்லை. சிவப்பு அட்டை வீட்டுக்குப் பிறந்திருந்தால் எட்டு வயதுக்குள் நானும் பினாங்குத் துறைமுகத்தில் தகரப் பெட்டியோடு வரிசையில் நிற்கவேண்டியிருக்கும், பார்த்தே இராத ஓர் ஊருக்குத் ‘திரும்பிப்’ போக.