வீட்டுல முதல் டிகிரி, அதுவும் சைபர் செக்யூரிட்டி: எங்கெல்லாம் சறுக்குது

முதல் தப்பு காலேஜுக்குள்ள கால் வைக்கிறதுக்கு முன்னாடியே நடந்துடுது. ப்ளஸ் டூ ரிசல்ட் வந்த வாரத்துலயே யாரோ ஒரு ஏஜென்ட் போன் பண்ணி "சீட்டு முடிஞ்சிடும்ணே, அட்வான்ஸ் மட்டும் போட்டு வைங்க"ன்னு அப்பாகிட்ட சொல்லுவாரு, அப்பாவும் பையன் படிப்பாச்சேன்னு வட்டிக்கு வாங்கி மேனேஜ்மென்ட் கோட்டால கட்டிடுவாரு, அப்புறம்தான் தெரியவரும் முதல் பட்டதாரி கட்டணச் சலுகை அரசு கவுன்சிலிங்ல சேர்றவங்களுக்குத்தான்னு. அரசுப் பள்ளியில 6லருந்து 12 வரைக்கும் படிச்சவங்களுக்கு 7.5 சதவீத ஒதுக்கீடு வேற தனியா இருக்கு. முதல் பட்டதாரி சான்றிதழுக்கு இ-சேவை மையத்துல சீக்கிரமே அப்ளை பண்ணிடுங்க, கடைசி நேரத்துல போய் நின்னா தாலுகா ஆபீஸுக்கு நடந்தே செருப்பு தேஞ்சிடும்.

சேர்ந்தாச்சு. இப்ப அடுத்த ஏமாற்றம். கோர்ஸ் பேர்ல சைபர் செக்யூரிட்டின்னு இருக்கு, ஆனா மேத்ஸ், சி ப்ரோக்ராமிங், டேட்டாபேஸ், ஆபரேட்டிங் சிஸ்டம், நெட்வொர்க்ஸ்னு கம்ப்யூட்டர் சயின்ஸ் பசங்க படிக்கிற அதே பேப்பர்தான் வருது, சின்ன காலேஜ்ல பல இடத்துல அதே ஸ்டாஃப்தான் எடுக்குறாங்க. "ஹேக்கிங் எப்ப சார் வரும்"னு காத்துக்கிட்டே நெட்வொர்க்ஸ் பேப்பர்ல அரியர் வைக்கிறாங்க பாருங்க, இதைவிட பெரிய தப்பு இந்த படிப்புல இல்லன்னே சொல்லுவேன். நெட்வொர்க்ல போற ஒரு டேட்டா பாக்கெட் எங்கருந்து கிளம்பி எங்க போகுதுன்னு தெரியாதவங்களுக்கு எந்த டூல் குடுத்தாலும் அது வெறும் கலர் கலரா ஓடுற எழுத்துதான். தவிர ஸ்டாண்டிங் அரியர் இருந்தா நிறைய கம்பெனி இன்டர்வியூக்கே கூப்பிடாது.

லேப் சரியில்லன்னு புலம்புறதும் பாதி நேரம் சாக்குதான். 4 ஜிபி ராம் லேப்டாப்ல விர்ச்சுவல் பாக்ஸ் (கம்ப்யூட்டருக்குள்ளயே இன்னொரு கம்ப்யூட்டர் ஓட்டுற சாஃப்ட்வேர்) போட்டு, ஹேக்கிங் டூல்ஸோட வர்ற காளி லினக்ஸ் ஓட்டினா திணறத்தான் செய்யும், அதுக்காக கேமிங் லேப்டாப் வாங்கித் தாங்கன்னு வீட்டுல சண்டை போட வேண்டாம். ஓவர்தவயர்னு ஒரு சைட்ல பேண்டிட்னு ஒரு விளையாட்டு இருக்கு, காசு கிடையாது, எஸ்எஸ்எச் (தூரத்துல இருக்குற கம்ப்யூட்டருக்குள்ள போற வழி) போட்டு உள்ள போனா போதும், போன்ல லினக்ஸ் கமாண்ட் அடிக்கிற டெர்மக்ஸ் ஆப் இருந்தாகூட ஓடும். அதுல ரெண்டாவது கட்டத்துலயே நல்லா மாட்டுவீங்க. பாஸ்வேர்ட் இருக்குற ஃபைலோட பேரே வெறும் கோடுதான், "-". ஃபைலுக்குள்ள இருக்குறத காட்டுற கேட் (cat) கமாண்ட் போட்டு பக்கத்துல அந்தக் கோட்டை அடிச்சா ஒண்ணுமே வராது, கர்சர் மட்டும் மினுக்கிட்டு நிக்கும், ஏன்னா லினக்ஸ் அதை ஃபைலா பாக்கல, நீங்க கீபோர்டுல ஏதோ டைப் பண்ணப் போறீங்கன்னு நெனச்சு காத்துக்கிட்டு இருக்கு. முன்னாடி "./" சேத்து "./-"ன்னு குடுத்தா டக்குன்னு பாஸ்வேர்ட் வந்து விழும். கூகுள்ல விடைய பாத்து காப்பி அடிக்காம இதோட ஒரு சாயங்காலம் முழுக்க மல்லுக்கட்டினா லினக்ஸ் எப்படி யோசிக்குதுன்னு புரிய ஆரம்பிச்சிடும். அதுக்கப்புறம் கார்னகி மெலன் யுனிவர்சிட்டியோட ஹேக்கிங் புதிர் சைட் பிகோசிடிஎஃப், வெப்சைட் செக்யூரிட்டி பக்கம் போகணும்னா போர்ட்ஸ்விகர் அகாடமி, ரெண்டும் இலவசம்தான்.

காசு எங்க கரையுதுன்னா சர்டிபிகேட்ல. ஃபர்ஸ்ட் இயர்லயே "எத்திக்கல் ஹேக்கர் ஆகிடலாம், வேலை கேரண்டி"ன்னு கோச்சிங் சென்டர்காரங்க பேசுவாங்க, வீட்டுல இது சரியா தப்பான்னு சொல்ல ஆள் இல்ல, கிளாஸ்ல கேக்கவும் கூச்சம், கடைசியில அம்மாவோட நகை அடகுக் கடைக்குப் போயிடுது. என்னைக் கேட்டா மூணாவது வருஷம் வரைக்கும் காசு குடுத்து எந்த சர்டிபிகேட்டும் வாங்க வேண்டாம், அப்பவும் நாலு வேலை விளம்பரத்த எடுத்து அதுல என்ன கேக்குறாங்கன்னு பாத்துட்டு வாங்குங்க. சென்டர்காரர்கிட்ட கேக்குறதுக்கு முன்னாடி, வேலைல இருக்குற சீனியர் ஒருத்தர்கிட்ட கேளுங்க, தெரியாதவரா இருந்தாலும் லிங்க்ட்இன்ல மரியாதையா ஒரு மெசேஜ் போட்டா பத்துல ரெண்டு பேராவது பதில் சொல்லத்தான் செய்றாங்க.

இன்னொண்ணு விளையாட்டா ஆரம்பிச்சு வினையாகிற விஷயம். காலேஜ் வைஃபை, ரிசல்ட் போர்ட்டல், பக்கத்து வீட்டு ரவுட்டர், எதுவா இருந்தாலும் சொந்தக்காரங்க அனுமதி இல்லாம கை வைக்காதீங்க. "சும்மா டெஸ்ட் பண்ணிப் பாத்தேன் சார்"ங்கறது பதில் ஆகாது. ஐடி சட்டம் 2000ல பிரிவு 43 அனுமதி இல்லாம உள்ள நுழையறதுக்கே நஷ்டஈடு கேக்குது, கெட்ட எண்ணத்தோட பண்ணினதா ஆச்சுன்னா பிரிவு 66ல 3 வருஷம் வரைக்கும் ஜெயில், 5 லட்சம் வரைக்கும் அபராதம், இல்ல ரெண்டுமே. எஃப்ஐஆர் ஒண்ணு விழுந்துட்டா அப்புறம் கம்பெனி பேக்ரவுண்ட் செக்ல என்ன சொல்லுவீங்க? ஒரு சர்வர்ல எந்தெந்த போர்ட் தொறந்திருக்குன்னு பாக்குற என்மேப் டூல ஓட்டிப் பாக்கணும்னா அந்த என்மேப் டீமே அதுக்குன்னு ஸ்கேன்மீன்னு ஒரு சர்வர் விட்டிருக்காங்க, அளவா அங்க ஓட்டுங்க. தற்செயலா நெஜமாவே ஒரு ஓட்டை கண்ணுல பட்டா தோண்டிக்கிட்டே போகாம மத்திய அரசோட சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்கு எழுதிப் போடுங்க.

வேலைன்னு வரும்போது எல்லாரும் பென்டெஸ்டர் (அனுமதியோட ஹேக் பண்ணி ஓட்டை கண்டுபிடிக்கிறவர்) கனவுல இருப்பாங்க, ஆனா ஃப்ரெஷருக்கு பெரும்பாலும் கதவு தொறக்கறது சாக் (SOC) அனலிஸ்ட், அதாவது கம்பெனி சிஸ்டத்துல தாக்குதல் நடக்குதான்னு கண்காணிக்கிற வேலை பக்கம்தான். அங்க கேக்குற கேள்வி ரொம்ப சாதாரணமா இருக்கும். விண்டோஸ் லாக்ல (சிஸ்டம் தானா எழுதி வைக்கிற பதிவு) 4625ங்கற நம்பர் வரிசையா நூறு தடவை வந்திருக்கு, பின்னாடியே அதே ஐபிலருந்து ஒரு 4624, கொஞ்ச நேரத்துல ஒரு 4720, என்ன நடந்திருக்கும்? பாஸ்வேர்ட் தப்பு தப்பா போட்டுப் பாத்து (4625), ஒரு தடவை சரியா மாட்டி (4624), உள்ள போய் புது யூசர் ஒண்ணு உருவாக்கியிருக்கான் (4720). இதை தடுமாறாம சொல்றவங்க ரெஸ்யூமேல காலேஜ் பேர் சின்னதா இருந்தாலும் அடுத்த ரவுண்டுக்குப் போயிடுவாங்க. லாக் பாத்துப் பழக வாசூன்னு (Wazuh) ஒரு சாஃப்ட்வேர் இலவசமாவே இருக்கு, அது கேக்குற ராமுக்கு காலேஜ் லேப் மெஷின் ஒண்ண எச்ஓடிகிட்ட கேட்டு வாங்குங்க.

சாக்ல நைட் ஷிஃப்ட் சகஜம்ங்கறத வீட்டுல முன்னாடியே சொல்லி வைங்க, குறிப்பா பொண்ணுங்க, ஆஃபர் லெட்டர் வந்த அன்னைக்கு ஆரம்பிச்சா பேச்சு பெருசா போகும். அந்த ஆஃபர் லெட்டரையும் ஒரு தடவை உத்துப் பாருங்க. செக்யூரிட்டி டெபாசிட், லேப்டாப் சார்ஜ்னு பணம் கேட்டாங்கன்னா அது போலி, சைபர் செக்யூரிட்டி படிச்ச பசங்களே இதுல ஏமாறுறாங்க. கட்டிட்டீங்கன்னா வெக்கப்பட்டுக்கிட்டு உக்காராம உடனே சைபர் மோசடி புகார் நம்பர் 1930க்கு போன் அடிங்க, எவ்வளவு சீக்கிரம் சொல்றீங்களோ பணத்த பேங்க்ல முடக்கி வைக்க அவ்வளவு வாய்ப்பு.