கோத்தகிரியிலிருந்து ஆஞ்சியோவுக்கு, அதாவது இதய ரத்தக்குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று பார்க்கும் சோதனைக்குப் போகிறீர்களா?

கோவைக்கு இறங்கும் முன் சாப்பிடுகிற மாத்திரை எல்லாவற்றையும் அட்டையோடு பையில் போடுங்கள். சர்க்கரை, அலர்ஜி, கிட்னி கோளாறு எதையும் டாக்டரிடம் மறைக்காதீர்கள், உள்ளே செலுத்தும் சாய மருந்து கிட்னி வழியாகத்தான் வெளியேறுகிறது. நெஞ்சைத் திறக்க மாட்டார்கள். மணிக்கட்டில் மரத்துப்போகும் ஊசி போட்டு, அங்கிருந்தே ரத்தக்குழாய்க்குள் மெல்லிய குழாயை இதயம் வரை நகர்த்துவார்கள். 1977இல் சூரிச்சில் குருன்ட்சிக் என்ற டாக்டர் முதன்முதலாக இதய ரத்தக்குழாய் அடைப்பைப் பலூனால் விரித்தபோது தொடை வழியாகத்தான் போனார், இப்போது கைவழி வந்ததால் சீக்கிரமே எழுந்து நடக்கலாம்.

சரி, முடிந்து திரும்ப மலையேறும்போது நீங்களே வண்டி ஓட்டாதீர்கள், வளைவுக்கு வளைவு ஸ்டியரிங்கைத் திருப்பும் பாரம் அந்த மணிக்கட்டுக்குத்தான் போகும். டாக்டர் சொல்லும்வரை தேயிலை மூட்டையும் வேண்டாம். குத்திய இடத்தில் ரத்தம் கசிந்தால் உட்கார்ந்து அழுத்திப் பிடியுங்கள், நிற்காவிட்டால் உடனே 108. ரத்தக்குழாய் மறுபடி சுருங்காமல் தாங்கும் ஸ்டென்ட் என்ற சின்ன வலைக்குழாய் வைத்திருந்தால், ரத்தம் உறையாமலிருக்கத் தந்த மாத்திரையை யார் சொன்னாலும், இதய டாக்டரைக் கேட்காமல் ஒருநாள்கூட நிறுத்தாதீர்கள்.