மந்தமான மிக்ஸைத் துலங்க வைக்கும் வழி

வீட்டில் பாடல் பதிவு செய்யத் தொடங்கியவர்கள் பெரும்பாலும் சொல்லும் குறை, "பாட்டு கம்பளிக்குள்ளிருந்து ஒலிப்பதுபோல் இருக்கிறது" என்பதுதான். உடனே கை ட்ரெபிளை ஏற்றப் போகும். அதைக் கடைசியில், அதுவும் கொஞ்சமாகச் செய்ய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. முதலில் வேண்டாததைக் குறையுங்கள்; துலக்கத்தில் பாதி அதிலேயே வந்துவிடும்.

ஒரு குரல், அக்கூஸ்டிக் கிட்டார், மிருதங்கம், பின்னணியில் கீபோர்டு. இப்படித் தனித்தனி டிராக்குகளில் பதிவானவற்றைச் சேர்த்து உருவாக்கும் ஒரு மிக்ஸை எடுத்துக்கொள்வோம். மென்பொருள் ரீப்பர், 60 நாள் இலவசமாகப் பயன்படுத்திப் பார்க்கலாம். அதனுடன் வரும் ரியாஈக்யூ (ஒலியின் ஒவ்வொரு பகுதியையும் தனியாக ஏற்றவும் குறைக்கவும் உதவும் ஈக்யூ), டோக்கியோ டான் லேப்ஸின் நோவா, ஸ்லேட் டிஜிட்டலின் ஃபிரஷ் ஏர் ஆகிய மூன்று ப்ளகின்களும் (மென்பொருளுக்குள் இயங்கும் துணைக் கருவிகள்) கடைசியில் ஒரு லிமிட்டரும் போதும். நோவாவும் ஃபிரஷ் ஏரும் இலவசமாகக் கிடைப்பவை.

முதல் படி: ஒப்பிட ஒரு பாடல்

எல்லா டிராக்குகளையும் ஒரே ஃபோல்டர் டிராக்கின் (பல டிராக்குகளை உள்ளடக்கும் தாய் டிராக்) கீழ் கொண்டுவாருங்கள். அதற்கு வெளியே, தனி டிராக்கில், உங்கள் பாடலின் தன்மைக்கு நெருக்கமான, நன்றாக மிக்ஸ் செய்யப்பட்ட ஒரு பாடலைப் போடுங்கள். மொத்த மிக்ஸுக்கான ப்ளகின்களை மாஸ்டரில் (எல்லா ஒலியும் கடைசியாகச் சேரும் டிராக்) போடாமல் ஃபோல்டர் டிராக்கில் போட வேண்டும். மாஸ்டரில் போட்டால் ஒப்பிட வைத்த பாடலும் அவற்றின் வழியே போய் மாறிவிடும். வெளியான பாடல்கள் உரத்து ஒலிக்கும் என்பதால், இரண்டும் ஒரே அளவில் கேட்கும் வரை ஒப்பீட்டுப் பாடலின் ஃபேடரை (ஒலியளவுக் கட்டுப்பாடு) கீழே இறக்குங்கள்.

இரண்டாம் படி: அடைப்பை நீக்குதல்

இங்கே அவசரப்படாதீர்கள். 200 முதல் 400 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில் குரல், கிட்டார், கீபோர்டு மூன்றுமே குவிகின்றன. தாழ்ந்த ஒலி தனக்கு மேலே உள்ள ஒலியை மறைக்கும் இயல்பு நம் காதுக்கு உண்டு. அதனால் அங்கே நெரிசல் இருந்தால், மேலே எவ்வளவு ஒலி இருந்தாலும் அது எடுபடாது.

கீபோர்டு டிராக்கில் ரியாஈக்யூவைத் திறந்து, நடுவிலுள்ள ஒரு பட்டையை 300 ஹெர்ட்ஸ் அருகே வைத்து 3 டெசிபல் குறையுங்கள். கிட்டாருக்கு 2 டெசிபல் போதும். குரலுக்கு 80 ஹெர்ட்ஸில் ஒரு ஹை-பாஸ், அதாவது அதற்குக் கீழே உள்ள ஒலியை வெட்டும் வடிகட்டி, வையுங்கள். மின்விசிறியின் உறுமலும் மைக் அதிர்வும் பெருமளவு அடங்கிவிடும். மிருதங்கத்துக்கு மட்டும் ஹை-பாஸ் வேண்டாம். தொப்பியில் (மிருதங்கத்தின் இடப்பக்கம்) எழும் கும்கி எனும் ஆழ்ந்த ஒலியின் உயிர் அந்தத் தாழ்ந்த பகுதியில்தான் இருக்கிறது. அதை வெட்டிவிட்டுப் பெறும் தெளிவு வெறும் தட்டல் சத்தம்தான்.

ஒவ்வொரு மாற்றத்தையும் எல்லா டிராக்குகளும் சேர்ந்து ஒலிக்கும்போதே செய்யுங்கள். தனியாகக் கேட்டால் கீபோர்டு மெலிந்ததுபோல் தோன்றும். கூட்டத்தில் அது சரியாக அமர்ந்திருக்கும்.

மூன்றாம் படி: மேல்பகுதியை உயர்த்துதல்

இப்போது குரல் டிராக்கில் 10,000 ஹெர்ட்ஸில் ஹை-ஷெல்ஃப் வைத்து 2 டெசிபல் ஏற்றுங்கள். ஷெல்ஃப் அந்த இடத்திலிருந்து மேலே உள்ள முழுப் பகுதியையும் மெதுவாகத் தூக்கும். அதனால் செயற்கையாகத் தெரியாது. தெளிவு வேண்டும் என்று 3,000 ஹெர்ட்ஸ் அருகே ஏற்றுவதைத் தவிர்க்கலாம். நம் காது மிகக் கூர்மையாகக் கேட்பது 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியைத்தான். முதல் நிமிடம் கணீரென்று இருக்கும். பாடல் முடியும் முன்பே காது சோர்ந்துவிடும்.

நான்காம் படி: சீறலை அடக்குதல்

மேல்பகுதி உயர்ந்ததும் ஸ, ஷ ஒலிகள் சீறத் தொடங்கும். ஈக்யூவுக்கு அடுத்ததாக நோவாவைப் போட்டு, ஒரு பட்டையை 6,500 ஹெர்ட்ஸ் அருகே வைத்து, அதன் த்ரெஷோல்டை (எந்த அளவைத் தாண்டினால் குறைக்க வேண்டும் என்ற எல்லை) இயக்குங்கள். பாடகர் அந்த எழுத்துகளை உச்சரிக்கும் கணத்தில் மட்டும் 3 டெசிபல் அளவுக்குக் குறையும்படி த்ரெஷோல்டை இறக்குங்கள். சீறலின் இடம் குரலுக்குக் குரல் மாறும். பெண் குரல்களில் பெரும்பாலும் சற்று மேலே இருக்கும். எல்லாச் சொற்களிலும் நோவா வேலை செய்தால் குரல் நாக்குத் தடித்ததுபோல் ஒலிக்கும். த்ரெஷோல்டை மேலே ஏற்றிவிடுங்கள்.

ஐந்தாம் படி: மெருகு

ஃபோல்டர் டிராக்கில் ஃபிரஷ் ஏரைப் போடுங்கள். மிட் ஏர், ஹை ஏர் என இரண்டு பெரிய குமிழ்கள். எக்ஸைட்டர் எனப்படும் இந்த வகைக் கருவிகளுக்கு நீண்ட வரலாறு உண்டு. 1970களில் வந்த ஏஃபெக்ஸ் ஆரல் எக்ஸைட்டரைத் தொடக்கத்தில் ஸ்டூடியோக்கள் வாடகைக்குத்தான் எடுத்தன. ஈக்யூ இருக்கும் ஒலியைத்தான் ஏற்றும். எக்ஸைட்டரோ இருக்கும் ஒலியிலிருந்து புதிய மேல்சுரங்களையே உருவாக்கும். ஃபிரஷ் ஏரில் இரண்டு குமிழ்களையும் சுழியத்திலிருந்து மிக மெதுவாகத் திருப்புங்கள். மாற்றம் தெளிவாகத் தெரிந்த இடத்திலிருந்து சற்றுப் பின்னால் வாருங்கள். நான் இரண்டையும் கால் பங்குக்கு மேல் கொண்டுபோவது அரிது.

இங்கே ஒரு பொறி காத்திருக்கிறது. குமிழைத் திருப்பும்போது ஒலியளவும் கூடுகிறது. உரத்த ஒலி எப்போதுமே நல்ல ஒலியாகத் தோன்றும். கேட்டலை ஆராய்ந்த ஃபிளெட்சரும் மன்சனும் 1933இல் வெளியிட்ட ஆய்வு இதன் காரணத்தை விளக்குகிறது: ஒலியளவு கூடும்போது தாழ்ந்த ஒலிகளும் மிக உயர்ந்த ஒலிகளும் காதுக்குக் கூடுதலாகக் கேட்கின்றன. எனவே ட்ரிம் குமிழால் அளவைக் குறைத்து, ப்ளகினை அணைத்தாலும் இயக்கினாலும் ஒரே உரப்பு வரும்படி செய்த பிறகே முடிவெடுங்கள். அப்போதும் இயக்கிய நிலை பிடித்திருந்தால் வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, ஒலி ஒரு வரம்பைத் தாண்டாமல் தடுக்கும் லிமிட்டர். உச்ச வரம்பை மைனஸ் 1 டெசிபலில் வையுங்கள். எம்பி3 ஆக மாற்றும்போது உச்சங்கள் சற்று எகிறும், அதற்கு இடம் வேண்டும்.

மறுநாள் காலையில் ஒப்பீட்டுப் பாடலையும் உங்கள் பாடலையும் இயர்போனில் மாற்றி மாற்றிக் கேளுங்கள். காதைக் குத்தினால் முதலில் ஃபிரஷ் ஏரைக் குறையுங்கள், பிறகு குரலின் ஷெல்ஃபை 1 டெசிபலுக்கு இறக்குங்கள். இரண்டாம் படியில் வெட்டியதை அப்படியே விட்டுவிடுங்கள்.