மணிக்கட்டு அறுவை: எல்லாவற்றையும் ஃபார்மலினில் போடாதீர்கள்

போன வாரம் அறுவை அறையில் பயிற்சிக்கு வந்திருந்த தம்பி ஒருவர், மணிக்கட்டிலிருந்து எடுத்த சதை முழுவதையும் ஃபார்மலின் (சதையைக் கெடாமல் வைக்கும் திரவம்) புட்டிக்குள் போடப் போனார். சட்டென்று கையைப் பிடித்துவிட்டேன். பதினைந்து வருடங்களுக்கு முன் என் கையைப் பிடிக்க ஆள் இல்லை.

கார்பல் டனல் நோயில் இரவில் கை மரத்து, எழுந்து உதறுவது, சுண்டுவிரல் மட்டும் தப்பிப்பது, இதெல்லாம் எல்லாரும் படித்ததுதான். மணிக்கட்டில் எலும்புகள் தரையாகவும் தடித்த பட்டை கூரையாகவும் உள்ள ஒரு குறுகிய பாதை. அதில் ஒன்பது தசைநாண்களோடு மீடியன் நரம்பும் நெருக்கியடித்துப் போகிறது. உள்ளே கொஞ்சம் இடம் குறைந்தாலும் முதலில் நசுங்குவது நரம்புதான். இடத்தை அடைத்தது எது என்று கேட்காமல் கூரையை வெட்டுவதில்தான் கோளாறு தொடங்குகிறது.

எடுத்ததையெல்லாம் ஃபார்மலினில் போடுவது

பதினைந்து வருடங்களுக்கு முன் என்னிடம் வந்தவர் ஈரச்சந்தையில் மீன் வெட்டுபவர், ஐம்பது தாண்டியவர். வலது கையில் மட்டும் மரப்பு. மணிக்கட்டுக்கு மேல் லேசான வீக்கம். முள் குத்தியதா என்று பேச்சுக்குக் கேட்டேன். “குத்தாத நாள் இருக்கா டாக்டர்?” என்றார். நானும் சிரித்துவிட்டு ஸ்டீராய்டு ஊசி போட்டேன். இரண்டு வாரம் சுகம். அப்புறம் வீக்கம் முன்னைவிடப் பெரிதாக வந்தது. புத்தியில்லாமல் இன்னொரு ஊசியும் போட்டேன். கிருமி இருக்கும் இடத்தில் ஸ்டீராய்டு போடுவது எரிகிற வீட்டில் எண்ணெய் ஊற்றுவதுதான்.

கடைசியில் அறுவை. பட்டையைத் திறந்ததும், தசைநாண்களைச் சுற்றிய உறை தடித்துக் கிடந்தது. உள்ளிருந்து அரிசிக் குருணை போல வெள்ளை மணிகள் சிந்தின. முடக்குவாதத்திலும் அவை வரும்; காசநோய்க் குடும்பத்துக் கிருமிகளாலும் வரும். நான் முதலாவதை மட்டும் நினைத்து, எல்லாவற்றையும் ஒரே புட்டியில் போட்டு அனுப்பினேன். கிரானுலோமா (அழற்சிச் செல்கள் திரண்ட முடிச்சு) இருக்கிறது, கிருமி எதுவும் தெரியவில்லை என்று அறிக்கை வந்தது. ஃபார்மலினில் விழுந்த கிருமி செத்துவிடும், அதற்கப்புறம் அதை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் ஏது?

மரப்பு குறைந்தது, வீக்கம் திரும்பியது. மறுபடி அறுவை. இந்த முறை ஒரு பங்கு சதை ஃபார்மலின் இல்லாத சுத்தமான புட்டியில் போனது; படிவத்தில் ‘மீன் வேலை’ என்று எழுதினேன். அந்த இரண்டு சொல் முக்கியம். மைக்கோபாக்டீரியம் மரினம் என்ற மீன் கிருமி 30 டிகிரியை ஒட்டிய சூட்டில்தான் நன்றாக வளரும். ஆய்வகம் வழக்கப்படி 37 டிகிரியில் மட்டும் வைத்தால் கண்ணில் படாமலே போகலாம். வளர்ந்தது, பல மாதம் மாத்திரை சாப்பிட்டுக் குணமானார். அதற்குள் அவர் கடை பாதி வருடம் மூடிக் கிடந்தது. கத்தி பிடிக்கத் தெரியாமல் நடந்திருந்தால்கூட மனம் ஆறியிருக்கும். ஒரு புட்டி, ஒரு கேள்வி, அவ்வளவுதான் குறை.

ஆகவே ஒற்றைக் கை, வீங்கிய மணிக்கட்டு என்றால் சந்தை வேலையா, வீட்டில் மீன்தொட்டி உண்டா என்று கேளுங்கள். அடுக்குமாடி வீட்டு வரவேற்பறையில் தொட்டி வைத்துக் கழுவுகிறவர்கள் இங்கே கொஞ்சநஞ்சமில்லை.

இதயத்தை மறப்பது

அறுபது தாண்டிய ஆணுக்கு இரண்டு கையிலும் மரப்பு வந்தால், மூச்சு வாங்குகிறதா என்றும் கேளுங்கள். அமிலாய்டு என்னும் புரதம் இதயத்தில் தெரிய வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே மணிக்கட்டில் படியலாம். நெடுநாள் டயாலிசிஸில் இருப்பவர்களுக்கு வேறொரு வகை அமிலாய்டு படியும். இந்தச் சதைத் துண்டு ஃபார்மலினுக்கே போகட்டும், அமிலாய்டைக் காட்டும் காங்கோ ரெட் சாயம் கேட்டு எழுதுங்கள்.

உள்ளே இருப்பதைப் பார்க்காமல் இறங்குவது

கவுட் படிவு, கொழுப்புக்கட்டி, இடம் மாறி வளர்ந்த தசை, கருவிலேயே சுருங்கியிருக்க வேண்டிய மீடியன் தமனி, இவையும் இடத்தை அடைக்கலாம். சந்தேகம் இருந்தால் முதலில் அல்ட்ராசவுண்ட்.

பட்டையைப் பாதியில் விடுவது

விரல் பக்கத்து நுனிதான் பெரும்பாலும் தப்பும். அதையும் கண்ணால் பார்த்து வெட்டுங்கள்.

கர்ப்பிணிக்கு அவசரப்படுவது

பொறுங்கள். பிள்ளை பிறந்தபின் பெரும்பாலும் தானே குறையும்.

வலியைப் பற்றிச் சொல்லாமல் அனுப்புவது

வெட்டிய இடத்தின் இரு பக்கமும் உள்ளங்கை அடியில் சில மாதம் வலிக்கலாம். முன்பே சொல்லவில்லையென்றால், பரோட்டாக் கடைக்காரர் மூன்றாம் வாரமே மாவு பிசைய உட்கார்ந்து, நரம்பை வெட்டிவிட்டீர்களா என்று கேட்டுக்கொண்டு வாசலில் நிற்பார்.