செயின் சா கார்புரேட்டரை நாமே சீரமைப்பது எப்படி?

தென்னந்தோப்பில் பட்டுப்போன மரங்களை அறுப்பதற்காக நான் வாங்கிய செயின் சா, நான்காம் மாதத்திலேயே ஆக்சிலரேட்டரை அழுத்தியவுடன் இருமிவிட்டு அணையத் தொடங்கியது. வாரண்டி இருந்ததால் வாங்கிய இடத்துக்கே கொண்டு சென்றேன். முதல் முறை ஸ்பார்க் பிளக்கை மாற்றினார்கள். இரண்டாம் முறை பெட்ரோல் சரியில்லை என்றார்கள். மூன்றாம் முறை, கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குத் தரும் பாகம்) சீரமைப்பு வாரண்டியில் அடங்காது என்று சொல்லிக் கூலியும் வாங்கிக்கொண்டார்கள். கடைசியில் அதற்குத் தேவைப்பட்டது ஒரு திருகில் கால் சுற்று மட்டுமே.

ஆனாலும் பெட்ரோலைப் பற்றி அவர்கள் சொன்னது முழுப் பொய்யன்று. இப்போது நம் பெட்ரோல் பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல்; பல செயின் சா கையேடுகளோ 10 சதவீதத்துக்கு மேல் வேண்டாம் என்கின்றன. எத்தனாலிலேயே ஆக்சிஜன் இருப்பதால், பழைய அளவில் வைத்த கார்புரேட்டரில் கலவை 'லீன்' ஆகிவிடுகிறது, அதாவது காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் போதாமல் போகிறது. டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு உயவு தருவதும் பெட்ரோலில் கலந்த ஆயிலே என்பதால், பெட்ரோல் குறையும்போது ஆயிலும் குறைந்து, சூடேறி, பிஸ்டன் சிலிண்டரோடு பிடித்துக்கொள்ளும் அபாயம் உண்டு.

முதற்படி: திருகைத் தொடாதீர்கள்

ஏர் ஃபில்டரைச் சுத்தம் செய்து, பிளக்கைப் பார்த்து, டேங்கினுள் இருக்கும் பெட்ரோல் ஃபில்டரையும் சரிபார்த்த பின்னரே திருப்புளியை எடுக்க வேண்டும். அடைத்த ஃபில்டரை வைத்துக்கொண்டு சீரமைத்தால், பிறகு அதைச் சுத்தம் செய்த அன்றே கலவை மீண்டும் லீன் ஆகிவிடும். பழைய பெட்ரோலைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலந்து ஊற்றுங்கள். பெட்ரோலுக்கும் ஆயிலுக்கும் விகிதம் 50:1 என்றால் லிட்டருக்கு 20 மில்லி டூ-டி ஆயில் (டூ ஸ்ட்ரோக் எஞ்சின் ஆயில்). 25:1 என்றால் 40 மில்லி. உங்கள் இயந்திரத்துக்கு எது என்பதைக் கையேடு சொல்லும். பாரும் (சங்கிலி சுற்றி ஓடும் நீளத் தகடு) சங்கிலியும் மாட்டியிருக்க வேண்டும், சங்கிலி கூராகவும் இருக்க வேண்டும்.

இரண்டாம் படி: மூன்று திருகுகளும் தொடக்க நிலையும்

'எல்' என்பது குறைந்த வேகத்துக்கும், 'எச்' என்பது முழு வேகத்துக்கும் பெட்ரோலை அளக்கும் ஊசித் திருகுகள். இவற்றை வலஞ்சுழியாகத் திருப்பினால் பெட்ரோல் குறையும். இடஞ்சுழியாகத் திருப்பினால் கூடும். 'எல்ஏ' அல்லது 'டி' என்று குறித்திருப்பது ஐடில் வேகத்துக்கு, அதாவது ஆக்சிலரேட்டரை அழுத்தாதபோது ஓடும் வேகத்துக்கு மட்டுமானது. வலஞ்சுழியில் வேகம் ஏறும். எல், எச் இரண்டையும் மெதுவாக வலஞ்சுழியில் இறுதிவரை திருப்பி, எத்தனை சுற்று வந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். இறுக்கினால் ஊசியின் முனை கெட்டுவிடும். பிறகு கையேட்டில் உள்ள சுற்றுகளுக்குத் திறந்துவையுங்கள். பல மாடல்களில் அது ஒரு சுற்று. திருகின்மேல் பிளாஸ்டிக் மூடி இருந்து பாதியில் தடுத்தால், வாரண்டி முடியும்வரை அதை உடைக்க வேண்டாம்; உடைத்த மூடியைக் காட்டியே கோரிக்கையைத் தள்ளிவிடுவார்கள். ஸ்டிலின் எம்-ட்ரானிக், ஹஸ்க்வர்னாவின் ஆட்டோடியூன் போன்ற மாடல்கள் கலவையைத் தாமே சீரமைத்துக்கொள்வதால், அவற்றில் எல், எச் திருகுகளே இருக்காது.

மூன்றாம் படி: ஐடிலும் எல் திருகும்

ரம்பத்தைச் சமதரையில் வைத்து, சில நிமிடங்கள் ஓடவிட்டுச் சூடாக்குங்கள். எல் திருகை இரு பக்கமும் சிறிது சிறிதாகத் திருப்பி, ஐடில் அதிகமாக ஏறும் இடத்தைக் கண்டுபிடித்து, அங்கிருந்து அரைக்கால் முதல் கால் சுற்று வரை இடஞ்சுழியில் திறந்துவிடுங்கள். ஆக்சிலரேட்டரைச் சட்டென்று அழுத்தினால் தயங்காமல் ஏற வேண்டும். தயங்கினால் இன்னும் சிறிது திறக்க வேண்டும். புகை கக்கித் தடுமாறினால் சிறிது மூட வேண்டும். இறுதியாக, ஐடிலில் சங்கிலி அறவே அசையாதபடி எல்ஏ திருகைக் குறையுங்கள்.

நான்காம் படி: எச் திருகு

எஞ்சினைக் கெடுப்பவர்கள் பெரும்பாலும் இங்கேதான் கெடுக்கிறார்கள். ரம்பத்தைக் கையில் உறுதியாகப் பிடித்து, செயின் பிரேக்கை விடுவித்து, இரண்டு மூன்று நொடிகள் மட்டும் முழு வேகத்தில் விட்டுக் கேளுங்கள். மரத்தில் படாமல் ஓடும்போது ஒலி சற்றே கரகரத்து, தொண்டை கட்டியதைப் போல் இருக்க வேண்டும். மரத்தில் இறங்கியவுடன் அந்தக் கரகரப்பு நீங்கித் தெளிய வேண்டும். வெறுமனே ஓடும்போதே கூர்மையாகக் கீச்சிட்டால் அது லீன்; உடனே நிறுத்தி இடஞ்சுழியில் திறக்க வேண்டும். வேகம் நன்றாக இருக்கிறது என்று அந்தக் கீச்சொலியில் மயங்கி அறுப்பவர்கள்தான் பிஸ்டனுக்குச் செலவழிக்கிறார்கள். எஞ்சின் சுழலும் வேகத்தைக் காட்டும் டாக்கோமீட்டர் இருந்தால், கையேட்டில் உள்ள உச்ச வேகத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளலாம்.

திருகுகளால் தீராத கோளாறு

ஆக்சிலரேட்டரை விட்ட பிறகும் வேகம் உடனே இறங்காமல் நின்றாலோ, ரம்பத்தைச் சாய்த்தால் ஐடில் மாறினாலோ, எங்கோ காற்று கசிகிறது என்று சந்தேகிக்க வேண்டும். அதை எச் திருகால் மறைக்கப் பார்க்காமல் டீலரிடம் கொண்டுசெல்லுங்கள். "ஸ்டார்ட் ஆகவில்லை" என்று அவர்களே ஜாப் கார்டில் எழுதிக்கொள்ள விடாமல், அறிகுறியை உங்கள் சொற்களிலேயே எழுதச் சொல்லி, ஒரு பிரதி வாங்கிக்கொள்ளுங்கள். கோளாறை வீடியோ எடுத்துவையுங்கள். டூ-டி ஆயில் பில்லையும் பத்திரப்படுத்துங்கள். வாரண்டியை மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். அதற்கும் மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் புகார் செய்யலாம்.

பக்கத்துத் தோப்புக்காரர் தம் ரம்பத்துக்கு இப்படித்தான் "சாய்த்தால் ஐடில் ஏறுகிறது" என்று எழுதிக் கொடுத்தார். கார்புரேட்டரையும் சிலிண்டரையும் இணைக்கும் ரப்பர் குழாய் விரிசல் விட்டிருந்ததைக் கண்டுபிடித்து, காசு வாங்காமல் மாற்றிக் கொடுத்தார்கள். அதற்குப் பதினெட்டு நாள் ஆனது என்பது வேறு.