கழனி வீட்டுப் பாதைக்குக் கிராவல் அடிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேலூர், காட்பாடி, அணைக்கட்டு, குடியாத்தம் பகுதிகளில் ஊருக்கு வெளியே கழனியிலோ கொல்லையிலோ வீடு கட்டுகிறவர்களில் பலர், வீட்டு வேலையெல்லாம் முடிந்து கையில் மிஞ்சிய பணத்தில்தான் ஊராட்சிச் சாலையிலிருந்து வாசல் வரை வரும் பாதையைப் பற்றி யோசிக்கிறார்கள். நான்கு லோடு கிராவல் அடித்து, ஜே.சி.பி.யைக் கூப்பிட்டு ஒரு மணி நேரம் தள்ளிவிட்டால் பாதை ஆகிவிடும் என்பது பொதுவான எண்ணம். ஐப்பசி மழை தொடங்கியதும் சக்கரத் தடத்தில் தண்ணீர் தேங்கி, கார்த்திகைக்குள் பாதை சேறாகிவிடுகிறது. உடனே, அடித்த கிராவல் போதவில்லை, இன்னும் இரண்டு லோடு வேண்டும் என்று முடிவு செய்துவிடுகிறார்கள். உண்மையில் இத்தகைய பாதைகள் கெடுவதற்குக் கிராவல் குறைவாக இருப்பது பெரும்பாலும் காரணமல்ல. அடியில் இருக்கும் மண்ணும், வெளியேற வழியில்லாமல் நிற்கும் தண்ணீருமே காரணம். லோடுக்கென ஒதுக்கிய பணத்தில் ஒரு பங்கை முதலில் இந்த இரண்டுக்கும் செலவழிப்பவரின் பாதைதான் நிலைக்கிறது.

மேல்மண்ணின் மீதே கொட்டுவது

நெல் விளைந்த கழனியின் மேல்மண் களியும் மட்கிய வேரும் கலந்தது. பயிருக்கு அது பொன். பாதைக்கு அது ஆகாது. நனைந்ததும் இளகிவிடும். வண்டி ஏறும்போது சக்கரத்தின் பாரம் கற்களைக் கீழே அழுத்த, அந்த இடைவெளியில் களி மேலே பிதுங்கி வரும். ஆறு அங்குலம் அடித்த கிராவல் இரண்டு மழைக்காலத்தில் காணாமல் போய்விட்டது என்று சொல்பவரின் பாதையில் ஓரிடத்தைக் கடப்பாரையால் பெயர்த்துப் பார்த்தால், கற்கள் எங்கும் போகாமல் ஓரடி ஆழத்தில் களிக்குள் சிதறிக் கிடப்பதைக் காணலாம். அதன் மேல் மறுபடியும் லோடு அடித்தால் அதுவும் அங்கேதான் போய்ச் சேரும்.

ஆகவே, புல்லையும் மேல்மண்ணையும் கெட்டியான தரை தட்டுப்படும் வரை வழித்தெடுப்பதே முதல் வேலை. கழனி என்றால் ஆறு முதல் ஒன்பது அங்குலம் வரை எடுக்க வேண்டியிருக்கும். செம்மண் கொல்லையில் மூன்று, நான்கு அங்குலமே போதும். எடுத்த மண்ணை வீணாக்காமல் தென்னை, மா மரங்களின் பாத்திக்குப் போட்டுக்கொள்ளலாம். வழித்த தரையின் மீது பாரம் ஏற்றிய டிராக்டரை ஒருமுறை மெதுவாக ஓட்டிப் பார்ப்பது மிகவும் பயனுள்ள சோதனை: எந்த இடத்தில் சக்கரம் ஓர் அங்குலத்துக்கு மேல் அமிழ்கிறதோ, அந்த இடத்தை மட்டும் இன்னும் தோண்டி, உடைகல் போட்டு இறுக்க வேண்டும். அடித்தரையே களியாக இருந்தால், கிராவலுக்கு முன்பு மூன்று அங்குலத்துக்குக் கிரஷர் டஸ்ட்டையோ (கல் உடைக்கும் ஆலையில் கிடைக்கும் தூள்) பெருமணலையோ பரப்பினால் களி மேலே ஏறாது. சாலைப் பணிகளில் விரிக்கும் ஜியோ டெக்ஸ்டைல் துணியும் இதே வேலையைச் செய்யும்.

எந்தப் பொருளை அடிப்பது

வேலூரைச் சுற்றியுள்ள குன்றுகளில் சார்னோகைட், கிரானைட் வகைப் பாறைகளே அதிகம். அவற்றை உடைத்து வரும் கிரஷர் ஜல்லி உறுதியில் குறை சொல்ல முடியாதது. ஆனால் முக்கால் ஜல்லியை (முக்கால் அங்குல அளவுள்ளது) மட்டும் வாங்கிப் பரப்புகிறவர்கள் அந்த உறுதி பாதைக்குத் தானாக வந்துவிடும் என்று நம்புகிறார்கள். ஒரே அளவுள்ள ஜல்லி ஒன்றோடொன்று பிடிப்பதில்லை. சக்கரம் ஏற ஏற இருபக்கமும் ஒதுங்கும், இருசக்கர வண்டி சறுக்கும். பெரிய கல்லுக்கு இடையில் சிறிய கல்லும், அதற்கு இடையில் தூளும் புகுந்து அடைத்துக்கொண்டால்தான் பாதை ஒரே கட்டாக நிற்கும். கீழே ஒன்றரை ஜல்லியும் முக்கால் ஜல்லியும் டஸ்ட்டும் கலந்த அடுக்கு, மேலே சிப்ஸும் (பொடி ஜல்லி) டஸ்ட்டும் கலந்த மெல்லிய அடுக்கு என்ற முறை நன்றாக நிற்கிறது. கிரஷர்களில் கலந்தே தருகிற வெட் மிக்ஸும் அடி அடுக்குக்கு ஏற்றது.

செலவைக் குறைக்கச் சிவப்புக் கிராவலை அடிப்பதில் தவறில்லை. கல்லும் மணலும் மிகுந்து, அவற்றைப் பிடித்து வைக்கும் அளவுக்கு மட்டும் களி கலந்த கிராவல் நல்ல பொருள்தான். களி மிகுந்தால் அதே கிராவல் மழையில் வழுக்கும், வெயிலில் தூசியாகப் பறக்கும். வண்டியை வரச் சொல்வதற்கு முன் குவாரியில் ஒரு கைப்பிடி எடுத்துக் கல்லைப் பொறுக்கிவிட்டு, மீதியை நீரில் பிசைந்து உள்ளங்கைகளுக்கு இடையில் உருட்டிப் பாருங்கள். மெல்லிய கம்பி போல உடையாமல் நீண்டுகொண்டே போனால் அதில் களி அதிகம்; பென்சில் கனத்திலேயே வெடித்து உதிர்ந்தால் பயப்பட வேண்டியதில்லை. சந்தேகம் தீரவில்லை என்றால், கண்ணாடி பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மண்ணும் மீதிக்கு நீரும் விட்டுக் குலுக்கி வையுங்கள். மணல் ஒரு நிமிடத்திலேயே அடியில் படிந்துவிடும். மறுநாளும் நீர் தெளியாமல் கலங்கியே இருந்தால் அது களியின் வேலை.

ஏரி மண்ணைப் பற்றியும் இங்கே சொல்லியாக வேண்டும். அரசு ஏரிகளிலிருந்து வண்டல் மண்ணையும் களிமண்ணையும் இலவசமாக எடுக்க அனுமதி தரப்படுவது விவசாயத்துக்கும் மண்பாண்டத் தொழிலுக்கும்தான். 2024 முதல் வட்டாட்சியர் அளவிலேயே அனுமதி கிடைப்பதால், அதை வீட்டுப் பாதைக்கும் அடித்துக்கொள்ளலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். சட்டப்படி அது தவறு என்பது ஒருபுறம் இருக்க, பாதைக்கு வண்டலைவிட மோசமான பொருளைத் தேடிப் பிடிப்பதே கடினம்.

லோடு என்ற சொல்லை நம்பி விலை பேசுவது

கிராவலும் ஜல்லியும் யூனிட் கணக்கில் விற்கப்படுகின்றன. ஒரு யூனிட் என்பது 100 கன அடி. லோடு என்பதற்கு அப்படி நிலையான அளவு கிடையாது. டிராக்டர் டிரெய்லரும் லோடுதான், பத்துச் சக்கர டிப்பரும் லோடுதான். ஆகவே விலையை யூனிட்டுக்கு இவ்வளவு என்று பேசுங்கள். வண்டி வந்ததும் கொட்டுவதற்கு முன் டேப்பைப் பிடித்து, தொட்டியின் உள்நீளம், உள்ளகலம், பொருள் நிற்கும் உயரம் ஆகிய மூன்றையும் அளந்து பெருக்குங்கள். 12 அடி நீளம், 7 அடி அகலம், மூன்றரை அடி உயரம் என்றால் 294 கன அடி. அது மூன்று யூனிட் என்று சொன்னால் நியாயம். அதே தொட்டியில் ஓரங்களில் முக்கால் அடி இறங்கி நடுவில் மட்டும் குவிந்திருந்தால், ஓட்டுநர் பார்க்கும்போதே குவியலைத் தட்டிச் சமமாக்கி அளப்பதில் கூச்சப்படத் தேவையில்லை. பணம் கொடுப்பவர் அளப்பது வழக்கம்தான்.

தேவையைக் கணக்கிடும்போதும் ஒரு பிழை வழக்கமாக நேர்கிறது. 100 அடி நீளம், 10 அடி அகலம், அரை அடி கனம் என்றால் 500 கன அடி, அதாவது ஐந்து யூனிட் என்று சொல்லிவிடுகிறார்கள். அது ரோலர் ஓட்டி இறுகிய பிறகு நிற்க வேண்டிய அளவு. உதிரியாக வரும் பொருள் இறுகும்போது அமிழ்வதால் கால் பங்கு கூட்டி, ஆறேகால் யூனிட் வாங்க வேண்டும்.

வண்டியோடு கனிமவளத் துறையின் நடைச்சீட்டு (பொருளை ஏற்றிச் செல்வதற்கான அனுமதிச் சீட்டு) வந்திருக்கிறதா என்று பார்த்து, அதில் உள்ள வண்டி எண்ணும் அளவும் வந்த வண்டியோடு ஒத்துப்போவதை உறுதிசெய்து கொள்ளுங்கள். சீட்டில்லாத வண்டி மலிவாகக் கிடைக்கலாம். வழியில் பிடிபட்டால் உங்கள் வேலை பாதியில் நிற்கும். எந்தக் குன்றையோ ஓடையையோ திருட்டுத்தனமாகச் சுரண்டிய மண் உங்கள் வாசலுக்கு வருகிறது என்பதும் சிறிய விஷயமல்ல.

டிப்பர் வரும் நாளில்

இந்த நாளில் நேரும் தவறுகள் பணத்தோடு போவதில்லை, உயிரையும் வாங்கும் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். டிப்பரின் தொட்டியைத் தூக்கினால் அதன் முனை பல மீட்டர் உயரம் எழும். தாழ்வழுத்த மின்கம்பிகள் சாலையைக் கடக்கும் இடத்தில் குறைந்தது 5.8 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும் என்பது விதி. ஆனால் சாலையல்லாத இடங்களில் 4.6 மீட்டர், அதாவது பதினைந்து அடி உயரம்கூட விதிப்படி போதுமானதே. பம்புசெட்டுக்குப் போகும் கம்பிகள் கம்பம் சாய்ந்து இன்னும் தாழ்ந்து தொங்குவதை நம் கழனிகளில் எங்கும் பார்க்கலாம். ஆகவே கொட்டும் இடத்தை ஓட்டுநரின் விருப்பத்துக்கு விடாமல், கம்பி எதுவும் தலைக்கு மேல் செல்லாத இடமாக முதல் நாளே பார்த்துச் சுண்ணாம்பால் குறியிட்டு வையுங்கள். கம்பி தாழ்ந்திருந்தால் மின்வாரிய அலுவலகத்தில் சொல்லி உயர்த்திய பிறகே வண்டியை வரவழையுங்கள். தப்பித் தவறித் தொட்டி கம்பியில் பட்டுவிட்டால், மின்சாரம் நிறுத்தப்படும் வரை ஓட்டுநர் இருக்கையை விட்டு இறங்கக்கூடாது. வெளியே நிற்பவர் எவரும் வண்டியைத் தொடவோ நெருங்கவோ கூடாது.

மூன்று யூனிட் ஜல்லியின் எடை மட்டுமே ஏறத்தாழ 13 டன் இருக்கும். வண்டியையும் சேர்த்தால் 18 டன்னுக்குக் குறையாது. இந்தப் பாரம் பழைய கிணற்றின் ஓரமாகப் போனால், கட்டுமானம் இல்லாத மண்சுவர் சரிந்துவிடலாம். இப்பகுதியில் பழைய விவசாயக் கிணறுகள் பெரிதாகவும் ஆழமாகவும் இருப்பதால், கிணற்றுக்கும் வண்டிக்கும் இடையில் குறைந்தது கிணற்றின் ஆழத்துக்குச் சமமான தூரம் விடுவது நல்லது. செப்டிக் டேங்கின் மூடி, மண்ணுக்குள் போகும் பி.வி.சி. குழாய் ஆகியவற்றுக்கும் இதே கவனம் தேவை. பாதையைக் கடக்கும் பாசனக் குழாயை அடுக்கு போடுவதற்கு முன்பே கனமான பெரிய குழாய்க்குள் நுழைத்துவிட்டால், பின்னால் பாதையை வெட்ட வேண்டிய தேவை வராது.

எல்லா லோடையும் வாசலில் ஒரே குவியலாகக் கொட்டச் சொல்வது இன்னொரு தவறு. மூன்று யூனிட் பொருள், 10 அடி அகலத்தில் நான்கு அங்குலக் கனமாக 90 அடி தூரத்துக்கு வரும். அந்தக் கணக்குப்படி எங்கெங்கே கொட்ட வேண்டும் என்று குச்சி நட்டு வைத்தால் ஜே.சி.பி. வாடகை குறையும். சாலைப் பக்கத்திலிருந்து தொடங்கினால் அடுத்தடுத்த வண்டிகள் ஏற்கெனவே பரப்பிய அடுக்கின் மீதே வரும். இளகிய தரையில் சிக்காது.

தண்ணீரை மறப்பது

பாதை தட்டையாக இருந்தால் அழகாக இருக்கும் என்ற எண்ணம் எல்லாவற்றையும் கெடுக்கிறது. 10 அடி அகலமுள்ள பாதையின் நடுப்பகுதி, ஓரங்களைவிட இரண்டு முதல் இரண்டரை அங்குலம் உயர்ந்திருக்க வேண்டும். கண்ணால் பார்த்துத் தீர்மானிக்காமல், ஓரத்திலிருந்து ஓரத்துக்கு நூல் கட்டி ரசமட்டம் வைத்துச் சரிபார்ப்பது அவசியம். பாதையின் பரப்பு பக்கத்துக் கழனியைவிடச் சற்று உயர்ந்தும், இரு ஓரங்களிலும் சிறு வாய்க்கால் இருந்தும்தான் அந்தச் சரிவுக்குப் பொருள் உண்டு. அந்த வாய்க்கால் பக்கத்துக்காரர் நிலத்தில் முடியக்கூடாது. மழை பெய்த மறுநாள் அதுவே பஞ்சாயத்துக்கு வரும்.

பாதை ஊராட்சிச் சாலையைத் தொடும் இடத்தில்தான் மிகப் பெரிய பிழை நடக்கிறது. சாலையோரக் காவாயைக் கிராவலால் தூர்த்து, வண்டி ஏற வசதியாக மேடு செய்துவிடுகிறார்கள். காவாய் அடைபட்டதும் தண்ணீர் வரும் பக்கத்தில் இருக்கும் வீடுகளுக்குத் தண்ணீர் ஏறுகிறது. தேங்கிய நீர் உங்கள் பாதையின் அடியிலும் ஊறுகிறது. சாலை யாருடையது என்று பார்த்து, ஊராட்சியிடமோ ஒன்றியத்திடமோ நெடுஞ்சாலைத் துறையிடமோ அனுமதி பெற்று, ஹியூம் பைப் (கான்கிரீட் குழாய்) போட்டு மேலே நிரப்புவதே முறை. மண்வெட்டி நுழையாத சின்னக் குழாய் இரண்டே ஆண்டுகளில் அடைத்துக்கொள்ளும். 450 மில்லிமீட்டர் விட்டமாவது இருந்தால் தூர்வார முடியும்.

பாதை ஏரிக்குப் போகும் வரத்துக் கால்வாயைக் கடந்தால் இன்னும் எச்சரிக்கை வேண்டும். பாலாற்றுப் படுகையின் விவசாயம் ஏரிகளை நம்பியது. வரத்துக் கால்வாய்கள் பல ஆண்டுகள் வறண்டு, முள் மண்டி, யாருக்கும் நினைவில்லாமல் கிடக்கும். 2021 நவம்பரில் பாலாற்றிலும் பொன்னையாற்றிலும் பெருவெள்ளம் வந்ததுபோல் ஓர் ஆண்டு வரும்போது தண்ணீர் தன் பழைய வழியைத் தேடி வரும். அரசின் இணையச் சேவையில் புல வரைபடத்தையும் அ-பதிவேட்டையும் (ஒவ்வொரு நிலமும் என்ன வகை, யாருடையது என்று காட்டும் பதிவேடு) பார்த்தால், நீங்கள் நிரப்பப்போகும் பள்ளம் வெறும் பள்ளமா, கால்வாய்ப் புறம்போக்கா என்று தெரிந்துவிடும். புறம்போக்கு என்றால் அதன் மேல் ஒரு கூடை மண்கூடக் கொட்டாதீர்கள்.

ஒடுகத்தூர், அணைக்கட்டு போன்ற மலையடிவாரங்களில் சரிவான பாதை அமைப்பவர்கள், பத்தடிக்கு ஓரடிக்கு மேல் ஏற்றம் இருந்தால் கிராவலையே நம்பக்கூடாது. சக்கரம் ஓடும் இரண்டு தடங்களுக்கு மட்டும் இரண்டடி அகலத்தில் கான்கிரீட் போடுவது, ஆண்டுதோறும் லோடு அடிப்பதைவிட நாளடைவில் குறைந்த செலவாகலாம்.

ஒரே அடியாகக் கொட்டி உருட்டுவது

அரை அடி கனத்தையும் ஒரே முறையில் பரப்பி மேலே ரோலர் ஓட்டினால், மேல் மூன்று, நான்கு அங்குலம் மட்டுமே இறுகும். அடியில் உள்ளது உதிரியாகவே இருந்து முதல் மழையில் அமிழும். நான்கு அங்குல அடுக்காகப் பரப்பி, நீர் தெளித்து, ஓரத்திலிருந்து நடுவை நோக்கி உருட்டி, அதன் பிறகே அடுத்த அடுக்கைப் போட வேண்டும். ஜே.சி.பி. நாலு முறை போய் வந்ததால் பாதை இறுகிவிட்டது என்பது தவறான எண்ணம். அதன் டயர் பட்ட தடம் மட்டுமே இறுகியிருக்கும். நீர் எவ்வளவு என்பதைக் கையே சொல்லும்: இறுகப் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், விரலிடுக்கில் நீர் கசியக்கூடாது. சித்திரை வெயிலில் தெளித்த நீர் ரோலர் வருவதற்குள் காய்ந்துவிடும்; ஐப்பசியில் தரையே ஊறிக் கிடக்கும். தரையில் ஈரம் சற்று மிஞ்சியிருக்கும் தை, மாசி மாதங்களே இந்த வேலைக்கு உகந்தவை. ஓரங்களில் கருங்கல்லை வரிசையாகப் புதைத்துவிட்டால் அடுக்கு பக்கவாட்டில் பரவாது.

அரை யூனிட் பொருளை ஓரமாகக் குவித்துத் தார்ப்பாய் போட்டு வையுங்கள். முதல் மழையின்போது குடையோடு பாதையில் ஒருமுறை நடந்தால், தண்ணீர் எங்கே நிற்கிறது என்று கண்ணுக்குத் தெரியும். அந்த இடங்களுக்கு அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். மழை விட்டதும் குழிக்குள் உதிரி மண்ணை அள்ளிப் போட்டு மூடிவிடாமல், தேங்கிய நீரை இறைத்து, சேற்றை வழித்து, குழியின் ஓரத்தைச் செங்குத்தாக வெட்டிவிட்டு, ஈரப்படுத்திய கிராவலை இரண்டு அங்குலம் இரண்டு அங்குலமாகப் போட்டு, ஒவ்வொரு முறையும் திமுசுக் கட்டையால் இடித்து நிரப்புங்கள். கடைசி அடுக்கு சுற்றுப்புறத்தைவிட அரை அங்குலம் உயர்ந்தே நிற்கட்டும், வண்டி ஓட ஓட அது சமமாகிவிடும்.